பார்கின்சன் ஆய்வு: அமெரிக்கா யாரைக் கணக்கெடுத்தது? நாம் யாரைக் கணக்கெடுக்கவில்லை?

என் பெரியப்பாவுக்கு நான்கு வருடங்களாக வலது கை நடுங்குகிறது. முதலில் தேநீர்க் கோப்பை தளும்பியது. பிறகு சேட்டுப் பொத்தான் போடமுடியாமல் போனது. இப்போது நடக்கும்போது கால் நிலத்தில் ஒட்டிக்கொள்கிறது. பார்கின்சன் நோய் என்று வைத்தியர் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். 2009 பெப்ரவரியில், வன்னியில், செல் துண்டு பட்டு அவரது தலையில் காயம் ஏற்பட்டது. இரண்டு நாட்கள் நினைவில்லாமல் கிடந்தார்.

கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு மாதமும் பெரியம்மா என்னிடம் ஒரே விடயத்தைத்தான் சொல்லுவார்: "தம்பி, அந்தச் செல் காயத்தாலதான் இது வந்ததோ எண்டு டொக்டரிட்ட ஒருக்காக் கேள்." ஒருநாள் கேட்டேன். வைத்தியர் இளையவர், பொறுமையானவர். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த நேரத்துப் பதிவு ஏதும் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார். இல்லை. காயத்துக்கு மருந்து கட்டிய இடத்தில் ஒரு துண்டு தந்தார்கள். நந்திக்கடலைக் கடந்து வந்தபோது, உடுத்திருந்த உடுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றோடும் அந்தத் துண்டும் போய்விட்டது.

அந்தக் கேள்விக்கு உலகில் எங்காவது யாராவது பதில் தேடியிருக்கிறார்களா என்று நான் வாசிக்கத் தொடங்கினேன். தேடியிருக்கிறார்கள். அரச பணத்தில், சட்டம் போட்டு, பல திணைக்களங்களை ஒன்றிணைத்துத் தேடியிருக்கிறார்கள். அந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அந்தக் கதையில் நமக்கு நேரடியாக வேண்டிய பாடங்கள் இருக்கின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நோயாளர்கள் வாங்கிய சட்டம்

பார்கின்சன் நோயில், மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. நடுக்கம், விறைப்பு, அசைவின் மந்தம், தள்ளாட்டம் ஆகியவை வெளியே தெரியும் அறிகுறிகள். 1817இல் ஜேம்ஸ் பார்கின்சன் என்ற இலண்டன் வைத்தியர் இதை விவரித்தார். இருநூறு ஆண்டுகள் கடந்தும் இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. லெவோடோபா போன்ற மாத்திரைகள் அறிகுறிகளைக் கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். 2019இல் உலகில் 85 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

அமெரிக்காவில் இந்த நோயுடன் வாழ்பவர்கள் சுமார் பத்து இலட்சம் பேர். 1990கள் வரை அங்கும் இதற்கான அரச ஆய்வு சிதறியே கிடந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் பணம், இன்னொரு ஆய்வுகூடத்துக்குக் கொஞ்சம் பணம். மொத்தத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. அதை மாற்றியவர்கள் நோயாளர்களும் அவர்களின் குடும்பத்தினரும். 1991இல் அவர்கள் ஓர் அமைப்பைக் கட்டி, நடுங்கும் கைகளோடு காங்கிரஸின் படிகளில் ஏறினார்கள். அரிசோனா மாநிலத்தில் இருந்து முப்பது ஆண்டுகள் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த மொரிஸ் யூடால் இதே நோயால் 1991இல் பதவி விலக நேர்ந்தது. 1997 நவம்பரில் அவரது பெயரிலேயே ஒரு சட்டம் நிறைவேறியது.

யூடால் சட்டம் சொன்ன முக்கியமான விடயங்கள் மூன்று. தேசிய சுகாதார நிறுவகத்தின் பணிப்பாளர் பார்கின்சன் ஆய்வை ஒருங்கிணைக்கவேண்டும். ஆய்வு மையங்கள் நிறுவப்படவேண்டும். ஆய்வாளர்களைக் குறித்த கால இடைவெளியில் ஒன்றுகூட்டி, அடுத்து எதைத் தேடுவது என்று திட்டமிடவேண்டும். 10 கோடி டொலர் வரை செலவிடவும் அச்சட்டம் அனுமதித்தது. ஆனால் அனுமதி வேறு, கையில் வரும் காசு வேறு. சட்டத்தில் எழுதிய தொகைக்காக அந்தக் குடும்பங்கள் அதன் பிறகும் ஆண்டுதோறும் போராட வேண்டியிருந்தது.

தேசிய சுகாதார நிறுவகத்துக்கு வெளியே இன்னும் இரண்டு திணைக்களங்கள் இந்த வேலையில் இறங்கின. பாதுகாப்புத் திணைக்களம் நரம்பு நச்சுப் பொருட்களுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராயத் தனி நிதி ஒதுக்கியது. முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம் 2001இல் ஆறு பார்கின்சன் ஆய்வு மற்றும் சிகிச்சை மையங்களைத் திறந்தது. பார்கின்சன் போன்ற ஒரு முதுமை நோயில் இராணுவத்துக்கு என்ன வேலை என்று நானும் முதலில் யோசித்தேன். பதில் யுத்தத்தில் இருக்கிறது.

யுத்தம் உடலில் விட்டுச்செல்வது

வெளியிலிருந்து உடலுக்குள் போகும் நஞ்சு இந்த நோயை உண்டாக்க முடியும் என்பது 1982இல் கலிபோர்னியாவில் தெரியவந்தது. தவறாகத் தயாரிக்கப்பட்ட போதைமருந்தை ஏற்றிய சில இளைஞர்கள் சில நாட்களில் சிலைபோல விறைத்துப் போனார்கள். வைத்தியர் வில்லியம் லாங்ஸ்டனும் குழுவினரும் ஆராய்ந்தபோது, எம்.பி.ரி.பி. என்ற இரசாயனம் டோபமைன் கலங்களை அழித்திருந்தது தெரிந்தது. முதுமை மட்டுமே காரணம் என்ற எண்ணம் அன்றே ஆட்டம் கண்டது. அதன் பிறகுதான் களைநாசினி, கரைப்பான், தலைக்காயம் என்று ஒவ்வொன்றாக ஆய்வாளர்கள் தேடத் தொடங்கினார்கள்.

வியட்நாம் யுத்தத்தில் காடுகளின் இலைகளை உதிர்க்க அமெரிக்கா 'ஏஜென்ட் ஒரேஞ்ச்' என்ற களைநாசினியைத் தெளித்தது. அங்கே பணியாற்றித் திரும்பிய படையினருக்கு அதனால் என்ன நோய்கள் வந்தன என்று ஒரு சுயாதீன அறிவியல் குழு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிட்டு வந்தது. பார்கின்சன் நோயைப் பொறுத்தவரை அந்தக் குழு கண்டது உறுதியான ஆதாரமல்ல. 'வரையறுக்கப்பட்ட, தொடர்பை உணர்த்தும்' அளவு ஆதாரம் என்றுதான் அது வகைப்படுத்தியது. ஆனாலும் 2010இல் அரசாங்கம் விதியை மாற்றியது. வியட்நாம் மண்ணில் காலடி வைத்த முன்னாள் படையினருக்குப் பார்கின்சன் வந்தால், அது பணியால் வந்த நோய் என்றே கருதப்படும். இழப்பீடும் சிகிச்சையும் கிடைக்கும். எந்த நாளில் எவ்வளவு நஞ்சு தன்மேல் பட்டது என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை.

இந்த ஒரு விதியை வன்னியிலிருந்து வந்தவர்கள் இரண்டு முறை வாசிக்கவேண்டும். ஆதாரம் அரைகுறையாக இருக்கும்போது சந்தேகத்தின் பலனைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பது என்று ஓர் அரசு முடிவெடுத்திருக்கிறது. நமக்கு நடப்பது இதற்கு எதிர்மாறு. துண்டு இல்லையென்றால் காயமே இல்லை.

அடுத்தது தலைக்காயம். 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இன்னொரு விதியின்படி, பணியின்போது நடுத்தரமான அல்லது கடுமையான மூளைக்காயம் அடைந்த ஒருவருக்குப் பின்னாளில் பார்கின்சன் வகை நோய் வந்தால், அதுவும் அந்தக் காயத்தின் தொடர்விளைவாகவே ஏற்கப்படும். 2018இல் 'நியூரோலொஜி' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 3,25,870 முன்னாள் படையினரின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, தலைக்காயம் பட்டவர்களையும் படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். இலேசான தலைக்காயம் பட்டவர்களுக்குக்கூடப் பார்கின்சன் வரும் அபாயம் 56 வீதம் கூடியிருந்தது. நடுத்தரமான, கடுமையான காயங்களில் அது 83 வீதம்.

இதை வாசித்து யாரும் பயப்படத் தேவையில்லை. அந்த ஆய்வுக் காலத்தில் மொத்தமாக 1,462 பேருக்குத்தான் நோய் கண்டறியப்பட்டது. தலைக்காயம் பட்டவர்களிலும் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வந்தது. தலையில் அடிபட்ட எல்லோருக்கும் இந்த நோய் வரும் என்பது இதன் பொருள் அல்ல. பெரியப்பாவுக்கு வந்தது காயத்தால்தான் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. ஓர் ஆளின் நோய்க்கான காரணத்தை இப்படியான ஆய்வுகள் சொல்வதில்லை. பெருந்தொகையானவர்களைப் பார்க்கும்போது தொடர்பு தெரிகிறது என்பதைத்தான் சொல்கின்றன. அப்படிப் பார்ப்பதற்கு ஒவ்வொருவரின் காயமும் எங்கோ எழுதப்பட்டிருக்கவேண்டும். அவர்களிடம் அது எழுதப்பட்டிருந்தது.

மூன்றாவது உதாரணம் தண்ணீர். வட கரோலினாவில் உள்ள கேம்ப் லெஜூன் என்ற கடற்படைப்பிரிவு முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீரில் ட்ரைகுளோரோஎதிலீன் உள்ளிட்ட கரைப்பான்கள் கலந்திருந்தன. அங்கே பணியாற்றியவர்களையும், கலிபோர்னியாவின் கேம்ப் பென்டில்டனில் பணியாற்றியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளியானது. லெஜூனில் இருந்தவர்களுக்குப் பார்கின்சன் அபாயம் 70 வீதம் அதிகம். யார் எந்த முகாமில் எந்த மாதத்தில் இருந்தார் என்ற பட்டியல் இருந்ததால்தான் நாற்பது வருடங்களுக்குப் பிறகும் அந்தக் கணக்கைப் போட முடிந்தது.

ஒருங்கிணைப்பு எங்கே உடைகிறது

அமெரிக்காவைப் புகழ்வதற்காக நான் இதை எழுதவில்லை. அங்கும் இந்த ஒருங்கிணைப்பு இரண்டு இடங்களில் பெரிதாக உடைந்திருக்கிறது.

ஒன்று, ஒரு திணைக்களம் பணம் போட்டுக் கண்டுபிடிப்பதை இன்னொரு திணைக்களம் கேட்பதில்லை. பரக்குவாட் என்ற களைநாசினியைப் பயன்படுத்தியவர்களுக்குப் பார்கின்சன் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்று தேசிய சுகாதார நிறுவகத்தின் ஆய்வு 2011இல் காட்டியது. ஆனால் 2021இலும் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் கட்டுப்பாடுகளுடன் பரக்குவாட்டைத் தொடர்ந்து பாவிக்கலாம் என்றே முடிவெடுத்தது. தற்கொலை மரணங்களைக் குறைப்பதற்காக 2008இல் தொடங்கிப் படிப்படியாக இலங்கை அதே பரக்குவாட்டைத் தடைசெய்துவிட்டது. காரணம் வேறு என்றாலும், ஒரு விடயத்தில் நமது விவசாயி அமெரிக்க விவசாயியைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார். வைத்தியர்கள் நஞ்சூட்டல் மரணங்களை வருடக்கணக்காகப் பதிவுசெய்து, அந்தக் கணக்கை அரசின் முன் வைத்ததன் பலன் அது. இந்த நாட்டில் கணக்கெடுத்தால் ஒன்றும் நடக்காது என்று சொல்பவர்களுக்கு இதை நினைவூட்ட விரும்புகிறேன்.

இரண்டாவது உடைவு நம்மை நேரடியாகத் தொடுவது. ஏஜென்ட் ஒரேஞ்ச் தெளிக்கப்பட்டது வியட்நாம் மக்களின் தலைக்குமேல். அந்த மண்ணில் உழுதவர்கள், அந்தக் குளத்தில் மீன் பிடித்தவர்கள் அவர்கள். 2004இல் வியட்நாமில் பாதிக்கப்பட்டவர்கள் அந்த இரசாயனத்தைத் தயாரித்த கம்பனிகளுக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2005இல் வழக்கு தள்ளுபடியானது. 2009இல் உயர்நீதிமன்றமும் அதை விசாரிக்க மறுத்தது. பின்னாளில் டா நாங் விமானத் தளத்தின் மண்ணைச் சுத்திகரிக்க அமெரிக்கா பணம் கொடுத்தது உண்மை. ஆனால் 2010ஆம் ஆண்டு விதி அமெரிக்கப் படையினருக்கானது. அதே நஞ்சு பட்ட வியட்நாமிய விவசாயிக்குக் கை நடுங்கினால், அந்த விதியில் அவருக்கு இடமில்லை.

ஆக, அரச ஆய்வு யாரைக் கணக்கெடுக்கிறதோ அவர்களின் நோய்தான் அறிவியலாகிறது, சட்டமாகிறது, இழப்பீடாகிறது. எந்த அரசும் தன் படைவீரனை முதலில் கணக்கெடுக்கும். இலங்கையிலும் படையினரின் நலனுக்கு ரணவிரு சேவா அதிகாரசபை 1999இலிருந்து இருக்கிறது. தலையில் குண்டுத்துண்டோடு வீடு திரும்பிய சிங்களக் கிராமத்துப் பையனுக்கும் வயதானபின் கை நடுங்கலாம். அவனுக்கும் பதில் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பதுங்குகுழிக்குள் இருந்த குடிமக்களின் தலைக்காயத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

2024ஆம் ஆண்டுச் சட்டம்

யூடால் சட்டத்துக்கு 27 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 2ஆம் திகதி ஜனாதிபதி ஜோ பைடன் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பார்கின்சன் நோயை முடிவுக்குக் கொண்டுவருவதற்கான தேசியத் திட்டச் சட்டம் அது. காங்கிரஸ் உறுப்பினர் கஸ் பிலிராகிஸின் சகோதரரும் வைத்தியருமான இம்மானுவேல் பிலிராகிஸ் இந்த நோயால் 2023இல் இறந்தார். இன்னோர் உறுப்பினரான ஜெனிபர் வெக்ஸ்டன், பார்கின்சனைப் போன்ற ஆனால் அதைவிட வேகமாக முற்றும் ஒரு நோயால் பேச்சை இழந்துகொண்டிருந்தார். இருவரின் பெயரும் சட்டத்தில் இருக்கிறது.

இந்தச் சட்டம் ஓர் ஆலோசனைச் சபையை அமைக்கச் சொல்கிறது. ஆய்வு, சிகிச்சை, பாதுகாப்பு, முன்னாள் படையினர் என்று இதுவரை தனித்தனியாக வேலை செய்த கூட்டாட்சி அமைப்புகள் ஒரே மேசையில் அமரவேண்டும். நோயாளர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அதே மேசையில் உறுப்பினர்களாக இருக்கவேண்டும். ஆண்டுதோறும் காங்கிரஸுக்கு அறிக்கை போகவேண்டும். புதிதாக ஒரு டொலரைக்கூட இந்தச் சட்டம் ஒதுக்கவில்லை. அதனால் இது வெறும் கடதாசிதானா என்று கேட்பவர்கள் அங்கும் உண்டு. எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. பெரியம்மாவைப் போன்ற ஒருவர், அதாவது மாத்திரை நேரம் தவறினால் என்ன நடக்கும் என்று இரவில் விழித்திருந்து அறிந்த ஒருவர், ஆய்வை வழிநடத்தும் சபையில் அமரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

நம்மிடம் கோடிக்கணக்கான டொலர் இல்லை. ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருந்தது பதிவேடுகள். அதற்குச் செலவு குறைவு.

முதலாவது, வடக்கு கிழக்கின் நரம்பியல் மற்றும் மருத்துவக் கிளினிக்குகளில் ஒவ்வொரு நோயாளியிடமும் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டுக் கொப்பியில் எழுதப்படவேண்டும். தலையில் காயம் பட்டதா? எந்த ஆண்டில், எதனால்? நினைவிழந்திருந்தாரா, எவ்வளவு நேரம்? இதற்கு ஐந்து நிமிடமும் ஒரே மாதிரியான ஒரு படிவமும் போதும். பார்கின்சனுக்கு மட்டுமல்ல, வலிப்பு, மறதி, நீங்காத தலைவலி என்று தலைக்காயம் விட்டுச்செல்லும் மற்றவற்றுக்கும் இதே பதிவு உதவும்.

இரண்டாவது, பழைய பதிவுகளைத் தேடவேண்டும். 2009 பெப்ரவரியில் இருந்து மே வரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் காயப்பட்டவர்களும் நோயாளர்களும் உறவினர்களுமாக 13,000க்கும் மேற்பட்டவர்களைக் கடல்வழியாக வெளியேற்றியது. புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழு ஒன்று அவர்களில் பலருக்குச் சிகிச்சை அளித்தது. பிறகு அவர்கள் வெவ்வேறு அரச வைத்தியசாலைகளுக்குப் போனார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெயரும் காயமும் எழுதப்பட்டன. அந்தத் தாள்கள் கரையான் அரித்துப் போகுமுன், தங்கள் சொந்தப் பதிவைக் கேட்டுப் பெறும் உரிமை காயப்பட்டவர்களுக்கு வேண்டும். இழப்பீடுகளுக்கான அலுவலகம் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. காயத்தின் பின்விளைவாகப் பல வருடங்கள் கழித்து வரும் நோயையும் அது கணக்கில் எடுக்கவேண்டும் என்று கேட்க நமக்கு இப்போது அறிவியல் ஆதாரம் இருக்கிறது.

மூன்றாவது, இதை யார் வைத்திருப்பது? நம் ஊர்களில் 'பட்டியல்' என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். வீட்டுக்கு வீடு பதிவு, முகாமில் பதிவு, விசாரணைக்குப் பதிவு என்று பெயர் கொடுத்துக் கொடுத்துக் களைத்துப்போன மக்கள் நாங்கள். 'எந்த ஆண்டில், எதனால் காயம்' என்ற கேள்விக்குப் பலர் இன்னும் 'விழுந்துவிட்டேன்' என்றுதான் பதில் சொல்கிறார்கள். ஆகவே இந்தப் பதிவேடு பாதுகாப்புத் தரப்பின் கைக்குப் போகக்கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் சேர்ந்து இதைப் பொறுப்பேற்கலாம். மருத்துவ இரகசியம் எழுத்தில் உறுதிப்படுத்தப்பட வேண்டும். காயப்பட்டவர்களும் அவர்களைப் பராமரிக்கும் பெண்களும் அதை மேற்பார்வை செய்யும் குழுவில் இருக்கவேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள தமிழ் வைத்தியர்கள் உபகரணம் அனுப்புவதோடு நிற்காமல், ஆய்வை வடிவமைக்கவும் துணை நிற்கலாம்.

2009இல் இருபது வயதில் தலையில் துண்டு ஏறியவர்கள் இப்போது முப்பதுகளின் கடைசியில் நிற்கிறார்கள். பார்கின்சன் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டி வரும் நோய். அதாவது அவர்கள் அந்த வயதை எட்ட நமக்கு இன்னும் இருபது வருடங்கள் இருக்கின்றன. இப்போது எழுதத் தொடங்கினால், அவர்களுக்காவது அன்றைக்குப் பதில் சொல்லலாம். பெரியப்பாவின் தலைமுறைக்குக் காலம் குறைவு.

போன கிளினிக்கில் அந்த இளம் வைத்தியரிடம் ஒன்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுக் கொப்பியை வாங்கி, மருந்துகளின் பெயர்களுக்குமேல் ஒரு வரி எழுதினார்: 2009 பெப்ரவரி, செல் வீச்சில் தலைக்காயம், இரண்டு நாள் நினைவிழப்பு, நோயாளியும் மனைவியும் கூறியது. பதினைந்து வருடங்களுக்கு மேலாக எங்கும் இல்லாத அந்தக் காயம் இப்போது ஒரு கொப்பியில் இருக்கிறது. பெரியம்மா அதை பொலித்தீன் பைக்குள் வைத்துச் சுற்றி, அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறார்.